கால்சட்டைக்குள்ளே இருந்த நூல்

அன்பு மகன் பெலாயோங்குக்கு அம்மா எழுதறது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கியான்னு முதல்ல எழுது. இங்க எல்லாரும் சுகம்னு எழுதித்தான் ஆரம்பிக்கணும், எனக்கும் தெரியும், ஆனா அந்த வரியை எழுதினா பொய்யாயிடும், அதனால விட்டுட்டேன். உங்கப்பா கப்பிட் ஆஸ்பத்திரியிலயேதான் இருக்கார். காய்ச்சல் இல்ல, கஞ்சி குடிக்கறார், எடுத்துட்ட காலுல பெருவிரல் அரிக்குதுன்னு சொல்றார், எங்கடா போய்ச் சொறியறது. பக்கத்துல உன் சித்தி லெமியா இருக்கா. நான் மாத்துத் துணி எடுக்கவும் கோழிகளைப் பாக்கவும் நேத்து படகுல வீட்டுக்கு வந்தேன், நாளைக்குக் காலையில திரும்பறேன், கப்பிட்ல இறங்கினதும் இதைத் தபால்ல போட்டுடுவேன். அங்கதான் போன் எடுக்குமே, போன்ல சொல்லக் கூடாதான்னு கேப்பே. போன்ல உன் குரலைக் கேட்டா எனக்கு வாய் வராது. நீயும் அன்னிக்கு ஏமாந்துட்டேம்மா, கடைக்காரன் போலியைக் குடுத்துட்டான்மான்னு அழுதியே, அப்பவே சொல்லியிருக்கணும், அப்ப எனக்கே தெரியாது.

உன் தம்பி ஜாராவ் அக்கரைச் சரிவுல மரம் சாய்க்கப் போயிருக்கான், அப்பா பாதியில விட்ட அதே இடம், அதே செயின்சா. இந்த மாசம் சாய்ச்சுக் காயவெச்சு அடுத்த மாசம் கொளுத்தலன்னா நெல்லு விதைக்க முடியாது, அடுத்த வருஷம் தட்டுல சோறு இருக்காது, அதனால போகாதேன்னு சொல்லவும் எனக்கு வழி இல்ல. அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் போட்டுக்கிட்டுப் போயிருக்கான். மெஷின் சத்தம் இங்க அடுப்படி வரைக்கும் கேக்குது. அது நின்னா என் பேனாவும் நின்னுடுது, மறுபடி கேட்டா எழுதறேன், எழுத்து அங்கங்க கோணலா இருந்தா அதுக்காகத்தான், கண்ணு கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக்காதே.

இப்ப விஷயத்துக்கு வரேன். போன வருஷம் கவாய் பண்டிகைக்கு நீ வந்தப்ப அப்பாவுக்குக் கொண்டு வந்தியே, வலை வெச்ச ஹெல்மெட், கையுறை, பூட்ஸ், அந்தத் தடிமனான கால்சட்டை. நம்ம நீள வீட்டு ருவாய்த் திண்ணையில இருபத்திரண்டு குடும்பத்து ஆம்பிளைங்களையும் உக்கார வெச்சு ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டினே. ஜோகூர்ல எங்க கப்பல் பட்டறையில இதெல்லாம் இல்லாம உள்ளேயே விடமாட்டாங்கன்னு சொன்னே. அப்ப நான் அடுப்படியில விருந்தாளிங்களுக்குக் கோழியை மூங்கில்ல அடைச்சு வேகவெச்சுக்கிட்டிருந்தேன், நீ சொன்னதுல பாதி எனக்குக் கேக்கல. கிளம்பற அன்னிக்குப் படகுத்துறையில என்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொன்னே, இதைப் போடாம அப்பாவை மெஷினைத் தொட விடாதேம்மான்னு. சரின்னு தலையாட்டினேன், அந்தத் தலையாட்டலால வந்த வினைதான் இது.

நீ போன மறுவாரம், ஒருத்தர் காட்டுல ஒருத்தர் மாத்தி மாத்திச் செய்யற கைமாத்து வேலைக்கு ஆளுங்க சேர்ந்து போனாங்க, அப்பா எல்லாத்தையும் போட்டுக்கிட்டுப் போனார். ஒரே ரகளை. உங்கப்பா பேரைச் சொல்லி, லாந்திங், நிலாவுக்கா போறேன்னு ஒருத்தன், எங்களுக்கும் ஒரு டிக்கெட் எடுன்னு இன்னொருத்தன். மத்தியானம் திரும்பி வந்தப்ப மூஞ்சி செவந்து, கால்சட்டையைப் பிழிஞ்சா ஒரு குடம் வேர்வை, தொடை பூரா வேர்க்குரு. உன் பிள்ளைக்கு நம்ம வெயில் மறந்துபோச்சு, இதுக்கு நான் வெட்டுப்பட்டே சாவேன்னு கழட்டி வீசிட்டார். நான் உனக்குத் தலையாட்டிட்டேனே. அதனால மறுநாள் அவர் மீன்பிடிக்கப் போனப்ப அந்தக் கால்சட்டையை மடியில போட்டு உள்தையலைப் பிரிச்சேன். உள்ளே வெள்ளையா, மெல்லிசா, அடுக்கடுக்கா நூல், ஒன்பது அடுக்கு. பனி பெய்யற தேசத்துக்காரங்க குளிருக்கு வெச்சுத் தைச்சதுன்னு நினைச்சேன். அவ்வளவையும் உருவிட்டு, பிரிச்சது தெரியாம மறுபடி தைச்சேன். புவாத் துணி நெய்யற கை இது, இந்த நீள வீட்டுல என் தையலைக் கண்டுபிடிக்க ஆள் கிடையாது. அந்த நூலைத் தொட்டுப் பாத்தப்ப என்ன வழவழப்பு, இதைத் தறியில ஏத்த முடியாதேன்னுதான் கவலைப்பட்டேன். வீணாக்க மனசு வராம ஒரு தலையணையில அடைச்சேன். நூல்லயே பொறந்து வளந்தவ நான், இந்த நூல் எதுக்குன்னு மட்டும் ஒருத்தரையும் கேக்கத் தோணல.

அப்பாகிட்ட சும்மா துவைச்சு வெச்சேன்னுதான் சொன்னேன். போட்டுப் பாத்தார், அட, துவைச்சதும் லேசாயிடுச்சே, இப்பதான் பெலாயோங் வாங்கினது என் உடம்புக்கு ஒத்துப்போகுதுன்னு அவ்வளவு சந்தோஷம். அன்னிலேருந்து ஒரு நாள் விடல. எனக்கும் பெருமை, உனக்குக் குடுத்த வாக்கைக் காப்பாத்திட்டேன்னு. நீ ருவாயில சொன்னது அவர் மனசுல பதிஞ்சிருக்கு, சங்கிலி பட்டா இந்தக் கால்சட்டை அதைச் சுத்திப் பிடிச்சு நிறுத்திடும்னு. அதை நம்பி நடக்க ஆரம்பிச்சார்டா. முன்னெல்லாம் ஒரு மரத்துலேருந்து இன்னொரு மரத்துக்குப் போக மெஷினை அணைப்பார், அதை விட்டார். ஓடற மெஷினைத் தொடையில சாய்ச்சுக்கிட்டே ஆளுங்களோட பேசினார். முப்பது வருஷம் பயந்து பயந்து வெட்டின மனுஷன், ஒரு கீறல் இல்லாம இருந்தவர். அன்னிக்கு அக்கரைச் சரிவுல மெஷின் முனை ஒரு கிளையில பட்டுத் துள்ளி இடது தொடையில இறங்கிச்சு. படகுல போறப்பகூட, நிக்கலயே சுலிங், நிக்கும்னு சொன்னானேன்னு சொல்லிக்கிட்டே வந்தார். எனக்கு அவர் எதைச் சொல்றார்னு புரியல.

காலை எடுத்து நாலாம் நாள் ஆஸ்பத்திரியில ஒரு உதவியாள் அவர் துணிமணியை ஒரு பையில போட்டுக் குடுத்தான், நம்ம இபான் இனத்துப் பையன்தான், அவன் அண்ணன் மரக்கம்பெனி முகாம்ல வேலையாம். இந்தாய் பெலாயோங், இதுக்குள்ள இருந்த வெள்ளை நாரெல்லாம் எங்கே, அதுதானே சங்கிலியில சிக்கி மெஷினை நிறுத்தும்னு கேட்டான். பெலாயோங்கோட அம்மான்னு உன் பேரைச் சொல்லித்தானே எல்லாரும் என்னைக் கூப்பிடறாங்க, அந்தப் பேரைச் சொல்லி அதைக் கேட்டான். நான் தெரியாதுன்னு சொன்னேன். சொல்லிட்டுக் கழிவறையில போய் நின்னேன், அழுகைகூட வரல.

இங்க வந்தா நீள வீடு பூரா உன் பேச்சுதான். ஜோகூர்ல இருக்கறவன் மலிவா ஒரு போலியை வாங்கி அப்பன் தலையில கட்டிட்டான்னு. உன்கிட்டச் சொல்லி வாங்கணும்னு இருந்த மூணு பேரும் இப்ப வேண்டாம்னுட்டாங்க. நீ கொண்டு வந்த ஹெல்மெட்டுல கோழி முட்டை போடுது, யாரும் விரட்டல. ஜாராவ் ருவாயில எல்லார் முன்னாடியும் சொல்றான், அதை நம்பினதாலதான் அப்பா கால் போச்சு, நான் ஒண்ணும் போடாம பயந்தே வெட்டிக்கறேன்னு. அவன் சொல்றதுல என்ன தப்பு, நீயே சொல்லு.

நேத்து அவனைத் தனியா கூப்பிட்டுச் சொல்லிட்டேன், கிழிஞ்ச கால்சட்டையைக் காட்டி, இது என் தையல்டா, நான்தான் உருவினேன்னு. சிரிச்சான். உனக்கு எப்பவும் பெரியவன்தாம்மா, அவன் பேரைக் காப்பாத்த உன் தலையில நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கறேன்னான். அப்படின்னா அந்த நாரைக் காட்டுன்னான். காட்ட என்கிட்ட இல்லையே. ஆஸ்பத்திரித் தலையணை கல்லு மாதிரி இருக்குன்னு அப்பா சொன்னதும், எனக்கு எதுவும் தெரியறதுக்கு முன்னாடி, லெமியா நம்ம வீட்டுலேருந்து எடுத்துட்டு வந்தது அந்தத் தலையணைதான். வெட்டின இடத்துக்கு அடியில அண்டை குடுத்து வெச்சிருக்கோம். நல்ல மெத்துன்னு இருக்கு சுலிங், இது மேல வெச்சாத்தான் வலி கேக்குதுன்னு அவர் சொல்றார். நீ ஏமாந்ததுக்காக உன்னை ஒருத்தரும் திட்டக் கூடாதுன்னு வர்றவங்க கிட்டயெல்லாம் கேட்டுக்கறார். அந்தத் தலையணையை எப்படிடா உருவறது.

அப்பா நம்பினா நானும் நம்பறேன்னு ஜாராவ் சொல்லிட்டுப் போயிட்டான். நாளைக்கு அவர்கிட்ட சொல்லணும். சொன்னா அவருக்குக் கால் வராது, நான் மட்டும் போயிடுவேன் அவர் மனசுலேருந்து. சொன்னாலும் நீ வேற ஒண்ணு வாங்கி அது ஆத்துல ஏறி வந்து சேர ஒரு மாசம், அதுக்குள்ள சரிவு பூரா வெட்டி முடிஞ்சிருக்கும், என் சின்னப் பிள்ளை முழுசா இருந்தா இருப்பான். இருந்தாலும் வாங்கி அனுப்பு. எனக்கு நம்பிக்கை இருந்து கேக்கல, கேக்காம இருக்க முடியல, அதான்.

நீ போலியை வாங்கல. அதை உனக்குச் சொல்லத்தான் இத்தனையும். பட்டறையில உனக்குக் குடுக்கற எதையும் வேர்க்குதுன்னு கழட்டாதே, உள்ளே இருக்கறதைப் பிரிச்சுப் பாக்காதே. கடவுள் உன் கையையும் காலையும் நீ பொறந்தப்ப இருந்த மாதிரியே வெச்சிருக்கட்டும். தம்பிக்கு நீ ஒரு வரி எழுது, கோபமா வேண்டாம். சத்தம் நின்னு ரொம்ப நேரம் ஆச்சு. பெட்ரோல் ஊத்தறானா இருக்கும். மறுபடி கேட்டப்புறம்தான் உறையை ஒட்டணும்.

இப்படிக்கு,
இந்தாய் பெலாயோங், இந்தாய் ஜாராவ்,
சுலிங்