மலையிலிருந்து வந்த மதினிக்கு

மதினி,

இன்று கமுதிச் சந்தையில் ஒருவர் மலைப்பூண்டைக் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். புகையேறிய அந்த வாசம் வந்ததும் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே நின்றுவிட்டேன்.

சுதந்திரம் வந்த மறுவருஷம் மழை பொய்த்தது. கொடைக்கானலுக்கும் மேலே உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குப் பிழைக்கப் போன அண்ணன், உன்னைக் கல்யாணம் செய்து கூட்டிவந்தான். சித்திரை வெயிலில், தோளில் கம்பளியோடு வாசலில் நின்றாய். அம்மா வெகுநாள் உன்னோடு பேசவில்லை. நான்தான் ஒட்டிக்கொண்டேன்.

பருத்தி எடுக்கும்போதெல்லாம் உன் ஊரைப் பற்றிக் கேட்பேன். மார்கழியில் புல்லெல்லாம் உப்புப் பூத்த மாதிரி உறைபனி பிடிக்கும் என்பாய். திறந்த கதவு வழியாக மேகம் வீட்டுக்குள் வருமாம். அடுப்பை அணையவே விடமாட்டீர்களாம். அதற்கு மேலே பரணில் பூண்டு காயுமாம். தெரு சரிவென்பதால் தேருக்குப் பின்னாலும் வடம் கட்டி, பாதி ஊர் இழுத்துப் பிடிக்குமாம். அந்தத் தேருக்குக் கூட்டிப்போவதாக அண்ணன் வருஷா வருஷம் சொன்னான். வருஷா வருஷம் வெள்ளாமை காலை வாரியது.

பிறகு நீ உண்டானாய். தலைப்பிரசவத்துக்கு அழைத்துப்போக உன் தம்பி மலையிறங்கி வந்தார். உன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு பகல் முழுக்க ஒற்றையடிப் பாதையில் ஏற வேண்டும் என்று கேட்டதும் அம்மா பயந்துபோனாள். அதற்குள் நீ என்றால் அவளுக்கு உயிர்.

“வயித்துப் புள்ளையோட மலையேற வேணாம்த்தா. இங்கன நான் பாத்துக்கிறேன்.”

தம்பி போன பாதையைப் பார்த்தபடி வேலியோரம் நின்றாய். பிறகு என்னிடம், “பெத்துட்டு மூணு பேருமாப் போவோம், புள்ள,” என்றாய்.

பெற்றாய். மகளின் முகத்தையும் பார்த்தாய். உதிரம் நிற்கவில்லை. பொழுது சாய்வதற்குள் போய்விட்டாய். ‘நான் பாத்துக்கிறேன்’ என்ற வார்த்தையை அம்மா அதற்குப் பிறகு யாரிடமும் சொன்னதில்லை.

உன் மகளை நான்தான் வளர்த்தேன். என்னை அத்தை என்பாள். போன மாதம் அவளை அழைத்துக்கொண்டு உன் ஊருக்குப் போனேன். உன் அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, நினைவும் தப்புகிறது. அடுப்போரம் உட்கார்ந்திருந்தவள் உன் மகளின் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

“வந்துட்டியாம்மா? ஏன் இம்புட்டு நாளு?”

உன் தம்பி திருத்திச் சொல்ல வாயெடுத்தார். உன் மகள் அவரைக் கையமர்த்தினாள். கிழவியின் மடிமேல் குனிந்து, “வர முடியாமப் போச்சும்மா,” என்றாள்.

அது உன் குரல், மதினி. மலையிறங்கி வந்த பிறகும் என் காதை விட்டுப் போகவில்லை.