திருப்பிப் போட்ட தலையணை

என் கட்டில்காரி முருகேஸ்வரிக்கு,

போன இடத்திலாவது உனக்குத் தனிக் கட்டில் கொடுத்தார்களா? எனக்குக் கொடுத்துவிட்டார்கள். யுனிவர்சிட்டி ஹாஸ்டலில் தனி அறை, தனிக் கட்டில், தனி ஃபேன். இதற்கு நாம் எவ்வளவு ஏங்கியிருப்போம்! இப்போது படுத்தால் தூக்கம் வருவேனா என்கிறது. காலையில் எழுந்ததும் விரிப்பைத் தட்டி, போர்வையை மடித்துக் கால்மாட்டில் வைத்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறேன், யாரோ ஷிஃப்ட் முடிந்து வந்து படுக்கப்போகிற மாதிரி. யாரும் வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன? கை கேட்க மாட்டேன் என்கிறது.

யுனிவர்சிட்டியா என்று வாயைப் பிளக்காதே. கம்பெனியை விட்டுவிட்டேன். கேம் டிசைன் படிக்கிறேன். ஆடுவதற்கு இல்லையடி, கேம் செய்வதற்கு. ஆடுபவர் செய்வதைப் பொறுத்துப் போக்கு மாறுகிற கதைகளை எழுதச் சொல்லித் தருகிறார்கள். "செல்போனத் தொடச்சு டப்பால போடத் தெரிஞ்சவளுக்கு அதுக்குள்ள ஓடுதத செய்யத் தெரியாமலா போவும்?" என்று நீதானே சொன்னாய்? நீ வாய்க்கு வந்ததைச் சொன்னாய். நான் அதை நம்பி அப்ளிகேஷன் போட்டுவிட்டேன்.

இடம் தூரமில்லை. ஒரகடம் கூட்ரோடு சிக்னலில் எங்கள் காலேஜ் பஸ் நிற்கும்போது சில நாள் நம் கம்பெனி பஸ் பக்கத்தில் வந்து நிற்கும். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிற பெண்களைத் தேடித் தேடிப் பார்ப்பேன். ஒருத்தியையும் தெரியவில்லை. வகுப்பிலோ எல்லாரும் என்னைவிடச் சின்னவர்கள். 'அக்கா' என்று மரியாதையாகக் கூப்பிட்டு, மரியாதையாகவே தள்ளி உட்கார்ந்துகொள்கிறார்கள். மெஸ்ஸில் என் தட்டுக்கு எதிரே தினமும் தண்ணீர் ஜக்குதான்.

இந்த செமஸ்டரில் ஆளுக்கொரு கேம் செய்ய வேண்டும். நான் நம் கட்டிலை எடுத்துக்கொண்டேன். உன்னைக் கேட்காமல்தான். கேட்டிருந்தால் நீ சம்மதித்திருப்பாயா?

வகுப்பில் அதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் கம்பெனி வாடகைக்குப் பிடித்த லேடீஸ் ஹாஸ்டலில் ஒரு ரூம், ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர், ஒருத்தி பகல் ஷிஃப்ட் என்றால் மற்றவள் ராத்திரி ஷிஃப்ட் என்றேன். ஒருத்தி இறங்குகிற பஸ்ஸில் மற்றவள் ஏறுவாள் என்றேன். "போன் கூடவா இல்ல?" என்று ஒரு பையன் கேட்டான். இருந்தது தம்பி, கம்பெனிக்குள் போன் கூடாது, ஒருத்தி வெளியே இருந்தால் இன்னொருத்தி உள்ளே இருப்பாள் என்று சொன்ன பிறகுதான் அவனுக்குப் புரிந்தது.

அதனால்தானே நாம் சாமான்களால் பேசினோம்? ஜன்னல் கம்பியில் துண்டு தொங்கினால் உனக்குச் சோறு வைத்திருக்கிறேன் என்று அர்த்தம். வாளி கவிழ்ந்திருந்தால் தண்ணீர் வரவில்லை. தலையணையைத் திருப்பிப் போட்டு, உறையின் தையல் பக்கம் மேலே தெரிந்தால் கோபம். அந்தக் கோபம் தீர, மற்றவள் தலையணைக்கு அடியில் கடலைமிட்டாய் வைக்க வேண்டும். நீ அதில் பாதியைத் தின்றுவிட்டு, மீதியை அங்கேயே வைத்து, தலையணையை நேராக்கிவிட்டுப் போவாய். எதையும் முழுசாகத் தின்ன உனக்குத் தெரியாதே. தலையணைச் சண்டையைப் போனில் தீர்க்கக் கூடாது என்று சட்டம் போட்டதும் நீதான். ஒருநாள் அந்த வாளிக்குள் ரோஸ் கலர் கோழிக்குஞ்சை விட்டுவிட்டு ஷிஃப்டுக்குப் போனாயே, அதற்கு என்ன அர்த்தம்? இன்றுவரை எனக்குப் புரியவில்லை. வார்டன் போட்ட கூச்சல்தான் காதில் நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்த்தால் நம் இரண்டு பேருக்கும் கூச்சம் வந்துவிடும். என் செய்யாறுப் பக்கத்துப் பேச்சை நீ கிண்டல் செய்வாய், உன் சங்கரன்கோவில் பேச்சை நான் கிண்டல் செய்வேன். உன் அண்ணனுக்கு என்னைக் கட்டிவைக்கப்போவதாகச் சொல்லி என்னை மதினி ஆக்கிவிட்டாய். அந்த மனிதருக்கு நான் இருப்பதே தெரியாது. "எங்க ஊரு அம்மன் கொடைக்கு வாரீயளா இல்லியா மதினி?" என்று கேட்டாய். "லீவு குடுக்க மாட்றாங்கடி, நான் இன்னா பண்ணுவேன்?" என்றேன். மறுநாள் நான் வந்து பார்த்தால் தலையணை திரும்பிக் கிடக்கிறது, நீ ஊருக்குப் போய்விட்டாய்.

நான் மிட்டாய் வாங்கி வைத்தேன். நீ வருகிற நாளை நினைத்துக்கொண்டே கம்பெனி லைனில் நின்று வேலை பார்த்தேன். லீவு முடிந்தும் மிட்டாய் அப்படியே இருந்தது, தலையணை அப்படியே இருந்தது, நான் மடித்த போர்வையின் மடிப்புகூடக் கலையவில்லை. கொடைத் திருவிழா முடிந்த அன்று உனக்குக் காய்ச்சல் வந்ததும், அது மூளைக்கு ஏறியதும், எல்லாம் முடிந்துபோனதும், பிறகுதான் வார்டன் சொல்லித் தெரிந்தது. ஆனால் அந்தப் போர்வையைப் பார்த்தபோதே ஏதோ ஆகிவிட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

உன் பெட்டியை வாங்க அண்ணன் வந்தார். ஆம்பளைகளை உள்ளே விடமாட்டார்களே, நான்தான் வாசல் கேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "நீங்க முருகேசுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். மதினி என்று சொல்ல வாய் வருமா? "கூட இருந்தவ" என்றேன். அந்த வாரமே உன் பாதிக்கு வேறு பெண் வந்துவிட்டாள். நல்ல பெண்தான். மிட்டாயை எறும்பு மொய்க்கிறது என்று எடுத்து வெளியே போட்டுவிட்டாள்.

இதையெல்லாம் கேமில் வைத்தேன். ஆடுபவர் அறைக்குள் வருவார், மற்றவள் விட்டுப்போனதைப் பார்ப்பார், பதிலுக்கு எதையாவது வைத்துவிட்டு ஷிஃப்டுக்குப் போவார். "ரெண்டாவது ஆள் வேணாம், உங்க ஃபிரெண்டோட பக்கத்த கம்ப்யூட்டரே ஆடட்டும், ரூல் எழுதிடுங்க" என்றார் சார். எழுதினேன். சோறு வைத்தால் முருகேசு டப்பாவைக் கழுவி வைப்பாள், வாளி கவிழ்ந்தால் குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பாள். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த முருகேசு ஒருநாளும் கோழிக்குஞ்சு கொண்டுவரவில்லை.

கடைசி ரூலில் வந்து மாட்டிக்கொண்டேன். தலையணை திரும்பியிருக்கிறது, அடியில் மிட்டாய் வைத்தாயிற்று. முருகேசு என்ன செய்வாள்? "ஒரு வரிதானேம்மா, எழுதிட்டு சப்மிட் பண்ணுங்க, இல்லேன்னா இந்த பேப்பர்ல ஃபெயில்" என்றார் சார். அவருக்கு அது ஒரு வரி. நீ என்னை மன்னித்தாய் என்று நானே எப்படி எழுதுவது? மன்னிக்கவில்லை என்றும் எழுத மனசு வரவில்லை. வாரக்கணக்கில் அந்த ஒரு வரிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

ரிவ்யூவுக்கு முந்தின நாள் எல்லா ரூலையும் அழித்துவிட்டேன். உன் பக்கத்தை உயிருள்ள ஆள் ஆடட்டும் என்று விட்டேன். ஆளுக்கு எங்கே போவது? வகுப்பில் யமுனா என்று ஒரு பெண், வாலாஜாபாத்தில் மருந்துக்கடைக்காரர் மகள். வாய்விட்டுக் கேட்டேன். "அவ்ளோதானாக்கா? வந்துட்டாப் போச்சு" என்றாள். தலையணை, மிட்டாய் என்று எதற்கும் நான் அர்த்தம் சொல்லவில்லை. அவளைப் பக்கத்து லேபில் உட்கார வைத்துவிட்டு, சார்களுக்கு முன்னால் என் பக்கத்தை நான் ஆடினேன்.

முதலில் வாழைப்பழம் வைத்தேன். திரும்பி வந்தால் பழம் அப்படியே இருக்கிறது, தலையணை திரும்பிக் கிடக்கிறது. ஒரு நொடி நீதான் என்று நினைத்துவிட்டேன் முருகேசு. யமுனா சும்மா எது நகரும் என்று தொட்டுப் பார்த்திருப்பாள், எனக்கும் தெரியும். இருந்தாலும் மிட்டாயை எடுத்து அடியில் வைத்தேன். ஷிஃப்டுக்குப் போனேன்.

வந்து பார்த்தேன். தலையணை நேராக இருந்தது. அடியில் பாதி மிட்டாய் இருந்தது.

அத்தனை பேருக்கு முன்னால் அழுதுவிட்டேன். இந்த ஆட்டத்தில் ஜெயிப்பது எப்படி என்று ஒரு சார் கேட்டார், தெரியாது சார் என்றேன். பாஸ் போட்டுவிட்டார்கள். வெளியே வந்து யமுனாவிடம், "ஏன் பாதி வெச்ச?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "இன்னாக்கா இது, வச்ச ஆளுக்கு வாணாமா?" என்றாள்.

அவள் நீ இல்லை. சாயங்காலம் அவள் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள், நான் என் தனி அறைக்கு வந்து படுத்தேன், தூக்கம் வரவில்லை. காலையில் போர்வையை மடித்து வைத்தேன். இன்று மெஸ்ஸில் அவள் டிபன் டப்பாவோடு வந்து எதிரே உட்கார்ந்தாள், ஜக்கை நகர்த்தி வைத்தேன். உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன், அப்போதுகூட உன் ஞாபகம்தான்.

உன் பக்கத்துக்கு இனி நான் ஒரு வரியும் எழுதமாட்டேன். உன் பதிலை உன்னிடமே வந்து வாங்கிக்கொள்கிறேன். இப்போது எனக்கு லீவு தர யாரும் மறுக்க முடியாது. இந்த வருஷம் உன் ஊர்க் கொடைக்குக் கட்டாயம் வருகிறேன். மிட்டாய் வாங்கி வருவேன், பாதிதான் உனக்கு. கோபத்தை விடு. தலையணையை நேராக்கிப் போட்டு வை.

உன் அண்ணனுக்கு இன்னும் தெரியாத,
உன் மதினி