ஃபைஸா மாட்டிய கம்ப்யூட்டர்

துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்த மதார், காலையில் மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். "பெட்டி பெட்டியா பார்ட்ஸ் வாங்கி நீயே மாட்டினா ஓடவா போவுது?" என்று மனைவியிடம் சண்டை போட்டுவிட்டு நேற்று முழுக்க அவன் வெளியே சுற்றினான். அதற்குள் ஃபைஸா ஒற்றை ஆளாக மாட்டி முடித்திருந்தாள். உள்ளே மூன்று விசிறிகள் சத்தமில்லாமல் சுழன்றன. திரையில் அவள் வரைந்த அனிமேஷன் படத்தில் வெள்ளாறு ஓடியது; கொக்கு ஒன்று சிறகை மடக்கித் தண்ணீரில் இறங்கியது. அவள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சீட்டு எடுத்து எழுதினான்.

"ஃபைஸா, பெரம்பலூர் போயிட்டு வரேன். எழுப்ப மனசு வரல. கடையில இடியாப்பம் வாங்கி ஹாட்பாக்ஸ்ல வச்சிருக்கேன். சாவி ஜன்னல்ல. கேஸ்காரர் வந்தா சிலிண்டரை அவரையே உள்ள வைக்கச் சொல்லு, நீ தூக்காத.

ஒன் கம்ப்யூட்டர பார்த்தேன். மாஷா அல்லாஹ். இது ஒன் கையால ஆனதுன்னு நெனச்சா ஒடம்பு சிலிர்க்குது. நான் பேசினது தப்பு."

வாசல் வரை போனவன் திரும்பி வந்து, அடியில் மிச்சமிருந்த துளி இடத்தில் நுணுக்கி எழுதினான்.

"நீ மாட்டினப்ப நான் பக்கத்துல இல்ல. எனக்காக இன்னொரு தடவ கழட்டி மாட்டுவியா? ஒக்காந்து பார்க்கணும்."