முதல் வாய்

இன்று மத்தியானம் எஸ்தர் பச்சை அவரைக்கொட்டை போட்டுக் குழம்பு வைத்தாள். பனிக்காலத்து அவரை, வாசம் தெரு வரைக்கும் போயிருக்கும். களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து, ஊதி ஆற்றி, நம் மகள் என் வாயருகே கொண்டுவந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மருமகன் எதிரில் உட்கார்ந்திருந்தான். கட்டினவன் பார்த்திருக்க, பெண்பிள்ளை தகப்பனுக்கு ஊட்டுகிறாள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்குக் காது சுட்டது. நீ இருந்தால் அதட்டியிருப்பாய். கொஞ்சம் பொறுத்து வாங்கிக்கொண்டேன்.

சூளகிரிக்குப் பக்கத்தில் ரோட்டை அகலப்படுத்தப் பாறை உடைத்தார்கள். நான் வெடி வைக்கிறவன். வெடிக்காமல் போன மருந்தைப் பார்க்கக் குனிந்தது வரைதான் நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது இரண்டு கைகளும் மணிக்கட்டோடு போயிருந்தன. நீ கட்டிலோரம் உட்கார்ந்து என் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாய்.

வீட்டுக்கு வந்த பிறகு ஊட்டுவது மட்டுமா? குளிப்பாட்டுவது, வேட்டி கட்டிவிடுவது, கால் கழுவி விடுவது வரைக்கும் நீதான். அதையெல்லாம் முடித்துவிட்டு, என் கைகள் போன அதே இடத்துக்கு ஜல்லி உடைக்கப் போவாய். சாயங்காலம் கொப்புளம் உடைந்த விரல்களால் எனக்கு ஊட்டுவாய். குழம்பின் காரம் பட்டு உனக்கு எரியும் என்பது எனக்குத் தெரியும். தெரியாதவன்போல் மென்றுகொண்டிருப்பேன். சாகவேண்டும் என்றுதான் அந்த நாட்களில் ஜெபித்தேன். உன்னிடம் சொன்னதில்லை.

கோவிலுக்குப் போவதையும் நிறுத்தினேன். திருவிருந்து ஞாயிற்றுக்கிழமையில் எல்லாரும் முழங்காலிட்டு, உள்ளங்கையை நீட்டி அப்பத்தை வாங்குவார்கள். நான் எதை நீட்டுவேன்?

“நான் வரல. எல்லாரும் வேடிக்கை பார்ப்பாங்க” என்றேன்.

எஸ்தருக்குத் தலை பின்னிக்கொண்டே நீ சொன்னாய்: “பார்த்துட்டுப் போறாங்க. அங்க எல்லாரும் வாங்கிக்கத்தான் வராங்க. குடுக்க வந்தவங்க யாரு இருக்காங்க, நீங்க வெக்கப்பட?”

“சுளுவா சொல்லிப்புட்ட.”

“சுளுவோ கஷ்டமோ, எழுந்திருங்க. வேட்டி கட்டணும்.”

போனேன். போதகர் என் முன்னால் வந்ததும் சற்றுத் தயங்கினார். பெண்கள் பக்கத்திலிருந்து நீ பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. குழந்தைபோல் வாயைத் திறந்தேன். அப்பம் நாக்கில் பட்டது. பெரிய ஆனந்தம் எதுவும் வரவில்லை, உடம்பெல்லாம் கூசியது. ஆனால் அன்றைய ஜெபத்தில் சாவைக் கேட்கத் தோன்றவில்லை. அது ஏன் என்று இன்றுவரை எனக்கு விளக்கத் தெரியாது.

பல வருடம் கழித்து நீ படுக்கையில் விழுந்தாய். ஜல்லித் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார் டாக்டர். எஸ்தர் கிருஷ்ணகிரியில் புகுந்த வீட்டில் இருந்தாள். உனக்கு ஒரு வாய்த் தண்ணீர் எடுத்துக் கொடுக்க என்னால் ஆகவில்லை. அந்த வெட்கத்துக்கு முன்னால் மற்றதெல்லாம் ஒன்றுமில்லை. எஸ்தர் வந்து சேரும்வரை பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரி முனெம்மாதான் கஞ்சி கொண்டுவந்தாள். உன் துணியைத் துவைத்தாள். உன் உடம்பைத் துடைத்துவிட்டாள்.

“கொஞ்சம் தாகு அக்கா” என்று குடிக்கச் சொல்லி அவள் கரண்டியை நீட்டினால் நீ பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாய். உனக்குப் பசி இருந்தது. நீ ஏன் திரும்பினாய் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

குனிந்து உன் காதருகே சொன்னேன்: “கண்ண மூடிக்க. முதல் வாய்தான் கஷ்டம். அப்புறம் தொண்டையே வாங்கிக்கும்.”

நீ கண்ணை மூடினாய். குடித்தாய். முனெம்மா வட்டிலைக் கழுவப் போனதும் மெதுவாகக் கேட்டாய்: “இத்தன வருசமா உங்களுக்கு இப்பிடித்தான் இருந்துச்சா? தெரியாம பேசிப்புட்டேனே.”

“நீ பேசலன்னா நான் வீட்டுக்குள்ளயே செத்துப்போயிருப்பேன்.”

ஜெபம் பண்ணச் சொன்னாய். கூப்ப எனக்குக் கை இல்லை. உனக்குக் கையில் வலு இல்லை. உன் கையை என் இரண்டு மொட்டைக் கைகளுக்கும் நடுவில் அணைத்துக்கொண்டு முனெம்மாவுக்காக ஜெபித்தேன். நமக்கென்று கேட்க அப்போது எதுவும் நினைவுக்கு வரவில்லை.

நீ போன பிறகு எஸ்தர் என்னை இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இந்த மடலையும் நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். சாவைக் கேட்டு ஜெபித்தேன் என்ற இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தலை குனிந்துகொண்டேன். “எழுதும்மா” என்றேன்.

பட்ட பாடு என்னைப் பரிசுத்தவானாக்கிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதே. கோபம் அப்படியே இருக்கிறது. வெட்கமும் போகவில்லை. முன்பு அது என்னை வீட்டுக்குள் பூட்டிவைத்தது. இப்போது என்னோடு கோவிலுக்கு வருகிறது. என் பக்கத்திலேயே முழங்காலிடுகிறது. போதகர் வரிசையாக வருகிறார். நான் வாயைத் திறக்கிறேன்.