பின்சீட்டுச் சத்தம்

வெள்ளி, இரவு

இல்லை, எஞ்சினில் கோளாறு இல்லை. இன்று மாலைதான் எனக்கே உறுதியானது.

தினமும் காலையில் கணவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் இறக்கிவிடும்வரை என் பைக்கில் அந்தக் கடகடச் சத்தம். இன்று வழியில் மெக்கானிக்கிடம் நிறுத்தினோம்.

"எஞ்சின் பூட்ச்சி சார், தள்ளிவுட்ரு. ஆமா, நீ இன்னா சார் பின்னாடி குந்திகினு வர்ற?" என்று சிரித்தான்.

இவர் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கிழம பைக்க வெலைக்குக் கேட்டு ஒரு ஆள் வருவான். இனிமே நீயும் என்கூட ட்ரெயின்லயே வா."

இவரை ஸ்டேஷனில் விட்டபின் தனியாக அம்பத்தூருக்கு வேலைக்குப் போனேன், மாலையில் திரும்பினேன். சத்தமே இல்லை. வீட்டுக்குக் கீழே பார்க்கிங்கில் குனிந்து பார்த்தேன். பின்னால் உட்காருபவரின் புடவை சக்கரத்தில் சிக்காமலிருக்க மாட்டிய சாரி கார்டில் ஒரு நட்டு தளர்ந்திருந்தது. இவர் குதிகால் பட்டுப் பட்டு ஓரிடத்தில் பெயிண்ட் தேய்ந்து பளபளத்தது. அங்கே அழுத்தினால் கம்பி செயின் கவரில் இடிக்கிறது.

சாப்பிடும்போது சொன்னேன்.

"அப்ப சத்தம் என்னாலதான்னு சொல்ற?" என்றார். பிறகு, "அந்த ஆள வரச் சொல்லியாச்சு."

நட்டை முடுக்கினால், வருபவன் நல்ல வண்டி என்று அன்றைக்கே ஓட்டிக்கொண்டு போய்விடுவான்.

ஸ்பானரை எடுத்துக்கொண்டு கீழே போனேன். பின்னால் யாரும் உட்காராமலே கடகடக்கும்படி நட்டை இன்னும் கொஞ்சம் தளர்த்திவிட்டு வந்தேன்.