மூன்றாவது பதிவு

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் ஒருநாள் விடுப்பு எடுத்ததே ஆய்வேட்டுக்காகத்தான். காலையில் மேசையைத் துடைத்தேன். மேசை பளிச்சென்று ஆனதும் ஃப்ரிட்ஜ் கண்ணை உறுத்தியது. அதையும் கழுவினேன். மத்தியானம் நான்காம் அத்தியாயத்தின் எழுத்துருவை மாற்றிப் பார்த்தேன். அந்த அத்தியாயத்தில் இருப்பது தலைப்பு மட்டும்தான். தலைப்பு இப்போது அழகாக இருக்கிறது.

என் கணவர் வேலையிலிருந்து வந்து தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தார். உள்ளே பார்த்துவிட்டு, "இன்னிக்கும் எழுதலையா?" என்றார்.

மார்ச் 9, திங்கள்

ஏலக்காரரின் மகள் ஆஸ்பத்திரிக்கு போன் செய்தாள். "அப்பா கேக்கறார் மேடம். எப்ப வர்றீங்க?"

அடுத்த வாரம் என்றேன்.

போக வேண்டியதுதான். பக்கவாதத்தில் பேச்சை இழந்த ஆறு பேருக்கு ஆய்வுக்காக நான் பேச்சுப் பயிற்சி கொடுத்தேன். பயிற்சிக்கு முன்னால் ஒரு ஒலிப்பதிவு, முடிந்ததும் ஒரு பதிவு, சில மாதம் கழித்து, திரும்பிய பேச்சு தங்கியிருக்கிறதா என்று பார்க்க மூன்றாவது பதிவு. ஐந்து பேருக்கு மூன்றும் முடிந்தது. ஐந்து பேரிடமும் பெரிதாக ஒன்றும் தங்கவில்லை. மிச்சம் இருப்பவர் ஏலக்காரர். மீன் சந்தையில் முப்பது வருஷம் தொண்டை கிழியக் கத்தியவர். என்னிடம் வந்தபோது "ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்" தவிர வேறெதுவும் வாயில் வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் ஒருதரம், மகளைக் கூப்பிட வேண்டுமென்றாலும் ஒருதரம். பயிற்சி முடிந்து போகும்போது, படத்தைக் காட்டினால் முழு வாக்கியமாகச் சொன்னார். என் சட்டை நிறம் நன்றாக இல்லை என்றுகூடச் சொன்னார்.

அவரிடமாவது தங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் என் ஆய்வில் என்ன இருக்கிறது?

மார்ச் 17, செவ்வாய்

போகவில்லை. மழை. (தூறல்தான்.)

மார்ச் 28, சனி

வீட்டில் சண்டை. நான்தான் ஆரம்பித்தேன். "எனக்குச் சோம்பேறித்தனம் ஊறிப்போச்சு, என்னை விட்டுடுங்க" என்றேன். அவர் துணி மடித்துக்கொண்டே சொன்னார்: "சோம்பேறியா இருந்தா படுத்துத் தூங்கியிருப்பே. நீ காலைலேருந்து நாய் மாதிரி வேலை செய்யற. அந்த ஒரு வேலையைத் தவிர."

"அப்ப என்னன்னு சொல்றீங்க?"

"பயம். அந்த மனுஷன் பேசலைன்னா என்ன பண்றதுன்னு பயம்."

பெரிய மனோதத்துவ நிபுணர்! மடித்த துணியைப் பிடுங்கிக் கலைத்துப் போட்டேன். பிறகு நானே மடித்தேன். எழுதாமல் இருக்க இன்னொரு வேலை கிடைத்ததே.

ஏப்ரல் 4, சனி

மகள் மறுபடி போன். "இந்த வாரம் வர்றேன்னு சொன்னீங்களே மேடம்." குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் வேலை அதிகம், அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். வாய் கூசவில்லை.

போனை வைத்தவுடன் நடந்ததைக் கவனித்தேன். நெஞ்சில் இறுகியிருந்தது சட்டென்று தளர்ந்தது. ஒரு நிம்மதி. அடுத்த வாரம்தானே, இன்றைக்கு இல்லையே. இந்த நிம்மதிக்குத்தான் நான் அடிமையாகிக் கிடக்கிறேன் போலிருக்கிறது. ஒவ்வொரு முறையும் சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. பிறகு முன்னைவிட இறுக்கம்.

தெரிந்து என்ன? தெரிந்துகொண்டதையே ஒரு சாதனை மாதிரி எழுதிவைத்துவிட்டு எழுந்து போகிறேன்.

ஏப்ரல் 20, திங்கள்

நாளை கட்டாயம்.

மே 5, செவ்வாய்

போனேன். நிஜமாகவே போனேன். ஒலிப்பதிவுக் கருவி, படங்கள், எல்லாம் பையில்.  பஸ்ஸில், இறங்கித் திரும்பிவிடலாமா என்று இரண்டு நிறுத்தங்களில் எழுந்து உட்கார்ந்தேன்.

வீடு பூட்டியிருந்தது. எதிர் வீட்டு அம்மாள் வாசலுக்கு வந்தார்.

"அவங்க இல்லையே. ஞாயித்துக்கிழமையே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாங்க. மறுபடியும் வாதம் வந்துடுச்சாம்."

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். என்னுடையதுதான். என் அறைக்கு மேலே, இரண்டாவது மாடியில். திங்கள் முழுக்க அவருக்குக் கீழே உட்கார்ந்து பழைய கோப்புகளை அடுக்கியிருக்கிறேன்.

மே 6, புதன்

பார்த்தேன். கண் திறந்திருக்கிறது. சத்தமே இல்லை. ஒருதரமும் இல்லை, ரெண்டுதரமும் இல்லை. வெறும் மூச்சு.

மகளுடன் வராந்தாவில் நின்றேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று போனவள், வாயைத் திறந்து கேட்டது என்ன தெரியுமா? "முன்னாடி எப்படிப் பேசிட்டிருந்தார்?" ச்சீ. அந்த நேரத்திலும் ஆய்வு.

அவள் சொன்னாள்: "நல்லா பேசினார் மேடம். போன வாரம்கூட எதிர் வீட்டு மாமாகிட்ட குப்பை போடற தகராறுல ஒத்தை ஆளா நின்னு பேசினார். அந்த மாமாவால பதில் சொல்ல முடியல." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "நீங்க வர்றேன்னு சொன்ன நாளெல்லாம் காலைலயே ஷேவ் பண்ணிட்டு உக்காந்திருப்பார்."

தங்கியிருந்திருக்கிறது. எல்லாமே தங்கியிருந்திருக்கிறது. நான் பயந்தது நடக்கவே இல்லை. போய்ப் பார்க்க ஒரு மத்தியானம் போதுமாயிருந்தது.

ஐயோ, என்ன ஜென்மம் நான்.

மே 18, திங்கள்

ஆய்வு நெறியாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். ஏதோ தாளில் கையெழுத்துப் போட்டபடியே கேட்டுக்கொண்டார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எல்லா ஆய்வுலயும் ஒருத்தர் ரெண்டு பேர் போகத்தாம்மா செய்வாங்க. 'தொடர இயலாதவர்'னு ஒரு வரி போட்டுட்டு மேல போங்க."

தொடர இயலாதவர். அவரா?

மே 19, செவ்வாய்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பயிற்சி அறையில் தனியாக உட்கார்ந்தேன். போனை என் கணவரிடமே கொடுத்தனுப்பிவிட்டேன். அழகாக எழுத வேண்டாம், உண்மையாக ஒரு வாக்கியம் என்று மட்டும் வைத்துக்கொண்டேன்.  எழுதினேன்:

"ஆறாவது பங்கேற்பாளரின் மூன்றாம் பதிவு, அவர் தயாராக இருந்தும், ஆய்வாளரின் தாமதத்தால் எடுக்கப்படவில்லை."

அதற்குப் பிறகு அடுத்த வாக்கியம் வந்தது. அதற்கடுத்தது. மோசமான வாக்கியங்கள்தான். ஆனால் சாப்பாட்டு நேரம் முடியும்போது ஒரு பக்கம் இருந்தது. மாதக்கணக்கில் கெஞ்சியும் வராத பக்கம். இப்போது எதற்காக வருகிறாய்? பயப்பட ஒன்றும் மிச்சமில்லை என்பதாலா?

ஜூன் 12, வெள்ளி

தினமும் அதே அறை, அதே நேரம். உட்காரும்போதெல்லாம் எழுந்து ஓடத் தோன்றுகிறது. ஓடத் தோன்றுவது நிற்கும் என்று காத்திருந்தது என் முட்டாள்தனம். அது நிற்பதில்லை. அதோடு உட்கார வேண்டியிருக்கிறது.

நெறியாளர் அந்த வாக்கியத்தை அடித்துத் திருப்பித் தந்தார். "இது தீசிஸ்மா. பாவமன்னிப்பு இல்ல."

"நடந்தது அதுதான் மேடம்."

"தேர்வாளர் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"இதையேதான்."

பேனாவை மூடி வைத்தார். "உங்க இஷ்டம்." வாக்கியம் நிற்கிறது. ஆனால் சாயங்காலம் ஒரு சந்தேகம். அதை எழுதிவைத்தால் கணக்கு தீர்ந்துவிடும் என்ற நப்பாசையா எனக்கு? பிடிவாதம் பிடித்ததில் கொஞ்சம் பெருமைகூட இருந்ததே.

ஜூலை 2, வியாழன்

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். என் கணவர் வெளியே சாப்பிடலாம் என்றார். போனோம். நன்றாகத்தான் இருந்தது. அவர் என் தட்டில் இருந்ததையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

ஜூலை 8, புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்ட ஏலக்காரரைப் பார்க்கப் போனேன். படுக்கையை ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அடையாளம் தெரிகிறது, அதுவரை சரி.

மகள் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். போட்டுவிட்டுப் போகாமல் நின்றாள்.

"உங்க படிப்புக்கு இனிமே அப்பா வேணாம்தானே மேடம்?"

"வேணாம்."

"அப்புறம் எதுக்கு வர்றீங்க?"

 பையிலிருந்து முதல் படத்தை எடுத்து அவர் கண்ணுக்கு நேரே பிடித்தேன். ஒரு குவளை. அவர் பார்க்கவில்லை. "குவளை" என்று நான் சொன்னேன். கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன். பிறகு அடுத்த படத்தை எடுத்தேன்.