முதலாவது தெரிவு

உடையார்கட்டு,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் தயாளினிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் பிரேமிளாவும் நானும் சுகமாக இருக்கிறோம், ஜோர்தானில் நீயும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று வற்றாப்பளை அம்மனைக் கும்பிடுகிறேன். போன கிழமை கதைக்கும்போது இருமினாய், கார்மெண்ட்ஸ் தூசியாகத்தான் இருக்கும், மூக்கை மூடிக்கொண்டு வேலை செய். போன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பாய். உன் குரலைக் கேட்டுக்கொண்டு இதைச் சொல்ல என்னால் ஏலாது பிள்ளை.

தங்கச்சி பிரேமிளாவின் சோதனைப் பெறுபேறு உனக்குத் தெரியும். கணக்கியல்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். விண்ணப்பத்தில் எந்தப் பல்கலைக்கழகம் முதல், எது இரண்டாவது என்று ஒழுங்காகப் போட வேண்டுமாம். வவுனியாவை முதலில் போடு, வெள்ளி பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று அப்பா சொன்னார், நானும் அதையேதான் சொன்னேன். அவள் கொழும்புப் பக்கத்து ஜெயவர்த்தனபுரம்தான் முதல் என்றாள். வவுனியாவிலும் கணக்கியல் இருக்குத்தானே என்று கேட்டேன். "இருக்கு அம்மா, நல்லாத்தான் படிப்பிக்கினம். ஆனா கொழும்பில நிண்டா படிக்கேக்கயே பெரிய கணக்காய்வுக் கொம்பனியளில பயிற்சிக்குப் போகலாம்" என்றாள். எனக்கு அது ஒன்றும் காதில் ஏறவில்லை. சிங்களம் தெரியாத பிள்ளை, எந்த வீட்டில் தங்குவாள், மூத்த மாணவர்கள் பகிடிவதை செய்வார்களோ, காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது என்று இதே யோசனைதான். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் பிறப்புச் சான்றிதழ் தேடி என் அலுமாரியைத் திறந்தவள் சேலைகளுக்கு அடியில் ஒரு கடித உறையைக் கண்டெடுத்துவிட்டாள். உன் பெயருக்கு வந்தது. தயாளினி, இனி எழுதப்போவதை இருந்துகொண்டு வாசி. நீ சோதனை எடுத்த அடுத்த வருசம், பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வருமென்று தபால்காரரின் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு படலையில் நின்றாயே, அந்தக் கடிதம் வந்தது. நீ கிணற்றடியில் நிற்கும்போது நான்தான் வாங்கினேன். ஜெயவர்த்தனபுரத்தில் முகாமைத்துவம் கிடைத்திருந்தது. பதியும் திகதி போகும்வரை ஒளித்து வைத்தேன். அப்பாவுக்கும் சொல்லவில்லை. அப்போது உன் தம்பி மதுசனைக் கடைசிச் சண்டையில் இழந்து நாலு வருசம்கூட ஆகவில்லை, இன்னொரு பிள்ளையை எப்படிக் கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு விடுவது என்ற பயம்தான். புள்ளி காணாது போலிருக்கு அம்மா என்று நீ சொன்னாய், நான் ஓம் என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு நீ தையலுக்குப் போனாய், கடல் தாண்டியும் போய்விட்டாய். பக்கத்தில் வைத்திருக்க நினைத்துத்தான் உன்னை இவ்வளவு தூரத்துக்கு அனுப்பினேன் என்பது எனக்கு நல்லாத் தெரியும்.

பிரேமிளா சத்தம் போடவில்லை. "அக்காவுக்குக் கடிதம் வரேல்லையெண்டுதானே சொன்னனீங்கள்" என்று மட்டும் கேட்டாள். அப்பா அதைக் கையில் வாங்கி இரண்டு தரம் வாசித்துவிட்டு வயலுக்குப் போனவர் பொழுதுபட்டுத்தான் வந்தார். இப்போதும் என்னோடு ஒரு சொல், இரு சொல்தான்.

அடுத்த நாள் அவள் தன் எண்ணப்படியே விண்ணப்பத்தை நிரப்பி, பிரிண்ட் எடுத்து, கையெழுத்து வைத்துக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். நீங்களே பதிவுத் தபாலில் போடுங்கோ என்றாள். தானே போட்டிருக்கலாம், கடைசி நாளுக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. என்னை நம்பித் தந்தாளோ, சோதித்துப் பார்த்தாளோ தெரியாது. புதுக்குடியிருப்புத் தபால் கந்தோர் வாசல்வரை போனேன், திரும்பி வந்து பஸ் தரிப்பில் குந்திவிட்டேன். வீட்டுக்குப் போற பஸ் ஒன்று வந்து போனது. நான் ஏறவில்லை. எழும்பிப் போய் வரிசையில் நின்று போட்டேன். பதிவுத் தபால் துண்டை அவளிடம் கொடுத்தபோது, "அக்காவுக்கு நான் சொல்லமாட்டன், நீங்கள்தான் சொல்லோணும்" என்றாள்.

இனி வெட்டுப்புள்ளி எப்படி வருமோ, இடம் கிடைக்குமோ என்று அவளுக்குப் பயம். கிடைத்தாலும் பயம், கிடைக்காவிட்டாலும் பயம் எனக்கு. கிடைத்தால் கொண்டுபோய் விட நானும் போவேன், அழமாட்டேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். முடியுமோ தெரியாது.

மன்னித்துக்கொள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. உனக்கு முப்பத்திரண்டு வயது, அந்த வருசங்களை எங்கே போய் எடுத்துத் தருவேன். அம்மன் உன்னைக் கைவிடமாட்டா. நேரத்துக்குச் சாப்பிடு, இருமலுக்கு டொக்டரிடம் காட்டாமல் விடாதே. கோபம் வந்தால் எடுத்து ஏசு, எவ்வளவு நேரம் ஏசினாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். கதைக்காமல் மட்டும் இருந்துவிடாதே.

என்றும் உன்னை நினைத்தபடி,
அம்மா,
வீ. வடிவம்மா.